கிருபையோடு ஒட்டிவரும் ‘உம்’

ஜலகண்டாபுரம் பேருந்து நிலையத்துப் பக்கத்துச் சுவர்களில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. கண்ணீர் அஞ்சலிக்கு மேல் காதணி விழா, அதன்மேல் ஆடித் தள்ளுபடி, அதன்மேல் ஒரு ‘விடுதலைப் பெருவிழா’ அல்லது ‘ஆசீர்வாத உபவாச ஜெபம்’. இந்தக் கடைசி வகைச் சுவரொட்டிகளின் வார்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கடன், தீராத வியாதி, குழந்தையின்மை, திருமணத் தடை, செய்வினை என்று ஒரு துன்பப் பட்டியல். கோட்டு மாட்டி மைக் பிடித்த ஊழியரின் படம். கீழே செல்பேசி எண். சில ஆண்டுகளாக அதற்கும் கீழே, மளிகைக் கடைக் கல்லாவில் ஒட்டியிருப்பதைப் போல ஒரு கியூஆர் கட்டம்.

காணிக்கை வாங்குவது குற்றமில்லை. கோயில் உண்டியல், பள்ளிவாசல் நன்கொடை, ஆலயத்துக் காணிக்கைப் பை எல்லாம் நமக்குப் பழகியவை. கேள்வி வேறு. அந்தக் கட்டத்தில் பணம் விழுந்தால்தான் மேலே சொன்ன துன்பம் தீரும் என்று மேடையில் பேசப்படுகிறதா? பேசப்பட்டால், அந்த நிமிடமே அது கிறிஸ்தவ உபதேசம் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்திருக்க வேண்டாம். ‘கிருபை’ என்ற ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் அந்தச் சொல்லின் பொருளை நம்பவைப்பதுதான் இந்த ஊரில் கஷ்டம். ஜலகண்டாபுரம், தாரமங்கலம், நங்கவள்ளி, எடப்பாடி என்று இந்தச் சுற்றுவட்டாரமே தறிச் சத்தத்தில் கண் விழித்து தறிச் சத்தத்தில் உறங்குகிறது. தறிக்காரரின் வாழ்க்கை கணக்கு நோட்டில் ஓடுகிறது. இத்தனை பாவு, இத்தனை மீட்டர், இவ்வளவு கூலி, அதில் முன்பணத்துக்குக் கழித்தது இவ்வளவு. மகள் கல்யாணத்துக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பேரன் காதுகுத்து வரை நீளும். அது தீராமல் வேறு பட்டறைக்கு மாற முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழக அரசு தனிச் சட்டமே போட்டது. சட்டம் வந்தது, நோட்டு போகவில்லை. “சும்மா ஒருத்தர் ஒண்ணு குடுக்கறாருன்னா எங்கயோ ஒரு கொக்கி இருக்குமுங்க” என்று தார் மாட்டிக்கொண்டே ஒருவர் சொன்னால், மறுத்துப் பேச ஆள் கிடைக்காது.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், ‘கடவுள் உன் தகுதி பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை, சும்மா தருகிறார்’ என்பதுதான் கிறிஸ்தவம் சொல்லும் கிருபை. கேட்டவுடன் நம்ப முடியாத செய்தி. அதனால்தான் அதில் ஒரு விலையைச் சேர்த்துவிட்டால் சட்டென்று நம்பத் தகுந்ததாகிவிடுகிறது. போலிப் போதனையின் பலம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. அது நமக்குப் பழகிய கணக்கு நோட்டின் மொழியில் பேசுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தக் கருத்துக்குச் சொல் தேடி அலைந்த கதையே சுவாரசியமானது. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ காலத்தில் பல சமயச் சொற்கள் போர்த்துகீசிய ஒலியிலேயே தமிழ் எழுத்தில் ஏறின. பிறகு கத்தோலிக்க செபங்களில் ‘பிரியதத்தம்’ வந்தது, ‘இஷ்டப்பிரசாதம்’ வந்தது. சீர்திருத்த சபையார் ‘கிருபை’ என்ற வடசொல்லில் நின்றுகொண்டார்கள். இன்றைய கத்தோலிக்கர் ‘அருள்’ என்கிறார்கள். சைவருக்கும் வைணவருக்கும் அது சொந்த வீட்டுச் சொல். சொல் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றே: விலையில்லாதது.

போலிப் போதனை அந்தச் சொல்லை அழிப்பதில்லை, அழித்தால் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு ‘உம்’ சேர்க்கிறது.

உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது நன்னூல். அதில் ஒன்று எச்சவும்மை. ‘சாத்தனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ ஒருவரும் வந்திருக்கிறார், அவர் பெயர் சொல்லப்படவில்லை என்று பொருள். ‘கிருபையால் மீட்பு’ என்பதை ‘கிருபையாலும் மீட்பு’ என்று மாற்றிப் பாருங்கள். இலக்கணப்படியே இன்னொன்று பாக்கி நிற்கிறது. அந்த இன்னொன்று என்ன என்பதைத்தான் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் வந்து நிரப்புகிறார்கள். விருத்தசேதனம் என்றார் ஒருவர். சாதி என்றார் ஒருவர். ஆயிரம் ரூபாய் விதைக் காணிக்கை என்கிறார் இன்னொருவர்.

முதலில் நிரப்பியவர்கள் கலாத்தியாவில், இன்றைய துருக்கியில் இருந்தார்கள். கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகள். இயேசுவை நம்பினால் மட்டும் போதாது, யூத நியாயப்பிரமாணத்தையும் கைக்கொள்ள வேண்டும், விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்று சிலர் போதித்தார்கள். பவுல் எழுதிய கடிதங்களிலேயே கோபம் கொப்பளிப்பது கலாத்தியருக்கு எழுதியதில்தான். வழக்கமான நன்றி கூறுதலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு நேராகச் சண்டைக்குப் போகிறார். கொரிந்து சபையில் குடித்துக் கூத்தடித்தவர்களுக்கு எழுதும்போதுகூட அவர் அவ்வளவு கோபப்படவில்லை. ஒழுக்கம் கெட்டவனைத் திருத்திவிடலாம். ‘உம்’ போட்டவன் அஸ்திவாரத்தையே பெயர்க்கிறான் என்பது அவர் கணிப்பு. எபிரெயருக்கு எழுதிய நிருபமும் கடைசி அதிகாரத்தில் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: விதவிதமான அந்நியப் போதனைகள் இழுக்கும்போது மனதை நிலைநிறுத்துவது உணவு விதிகளோ சடங்குகளோ இல்லை, கிருபை.

இதைத் தமிழ் மண்ணில் வைத்துப் பார்த்தால் விவகாரம் இன்னும் சூடாகிறது.

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, 1623-ல் அங்கிருந்து கிளம்பித் திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வரைக்கும் வந்தவர். இந்தச் சமவெளியில் கிறிஸ்தவம் கால்வைத்த ஆரம்ப நாட்கள் அவை. அவருக்கு முன்பு மதுரையில் இருந்தவர்களிடம் ஒருவர் கிறிஸ்தவராக விரும்பினால், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்துவும் வேண்டும், பரங்கி நடை உடையும் வேண்டும். கலாத்தியாவின் ‘உம்’ கப்பலேறி வந்து கால்சட்டை போட்டுக்கொண்ட வடிவம் இது. டி நொபிலி அதை ஏற்கவில்லை. குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்கள், அவற்றைத் துறந்தால்தான் மீட்பு என்பது தவறு என்று ரோம் வரை வாதாடினார். அவர் சேலம் பக்கம் வந்த அதே 1623-ன் ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரங்கி ‘உம்’மை வெளியேற்றிய அதே ஏற்பாடு சாதி ‘உம்’மை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டது. உயர்சாதியாருக்குத் தனிக் குரு, மற்றவருக்கு வேறு குரு என்று பிரிந்தது. அதன் வாரிசுகள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய ஆலயத்தை மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை விரித்து வைத்தது போலிருக்கும். சாதிக்கு ஒரு கூடம். இரண்டும் சேரும் முனையில் பீடம். பூசை இரு தரப்புக்கும் தெரியும், ஒரு தரப்புக்கு மறு தரப்பு தெரியாது. கட்டடக் கலையில் இப்படி ஒரு சாமர்த்தியம்! 1910-ல் கௌசானல் அடிகள் நடுவிலிருந்த தடுப்பை அகற்றியபோது வழக்குப் போட்டார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்ற அந்த வாதம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கிருபைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பதைப் போலிப் போதனை என்று எத்தனை பிரசங்க பீடங்கள் அன்று சொல்லின, இன்று சொல்கின்றன? சுவிசேஷக் கூட்ட மேடைகளை விமர்சிக்கிற பழைய, கௌரவமான சபைகள் இந்தக் கேள்வியைத் தங்கள் கல்லறைத் தோட்டங்களில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிகளுக்கு நடுவே எழுப்பிய சுவர் நாடறிந்தது.

கலாத்தியாவை அப்படியே எடுத்துவந்து தென் தமிழகத்தில் நட்டவர் ஒருவர் உண்டு. அருமைநாயகம் சட்டம்பிள்ளை. 1823-ல் பிறந்தவர், படித்தவர், பன்மொழி அறிந்தவர், மிஷன் வேலையில் இருந்து நீக்கப்பட்டவர். நெல்லைச் சீமை நாசரேத்தில் இருந்த வெள்ளைக்கார மிஷனரியோடு மோதல் ஒரு பக்கம்; இன்னொரு மிஷனரி கால்டுவெல் 1849-ல் அவருடைய சாணார் சமூகத்தைப் பற்றித் தாழ்வாக எழுதிய நூல் மறுபக்கம். 1857-ல், வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்த அதே வருடத்தில், அவர் தனியாக ‘இந்து கிறிஸ்தவ சபை’ கண்டார். வெள்ளைக்காரன் சேர்த்தது எதுவும் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டுக்குப் போனார். சனிக்கிழமை ஓய்வுநாள், யூதப் பண்டிகைகள், தூபம், சாஷ்டாங்க வணக்கம்.

சட்டம்பிள்ளையைக் கள்ளப் போதகர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மிஷனரிகளுக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் அவரை அங்கே தள்ளியது யார்? கிருபையைப் பிரசங்கித்தவர்கள், அதைக் கேட்கவந்த ஒரு முழுச் சமூகத்தையே இழிவாக எழுதினார்கள், அவமதித்தார்கள். பேச்சில் கிருபை, நடத்தையில் எஜமானத்தனம். அந்த இடைவெளியில்தான் புதுச் சபை முளைத்தது. அவருடைய கோபம் நியாயமானது, கண்டுபிடித்த மருந்து இன்னொரு நுகத்தடி. வெள்ளைக்காரன் விதியைக் கழற்றிவிட்டு மோசேயின் விதியை மாட்டிக்கொண்டதில் கழுத்துக்கு என்ன லாபம்?

விலையாகப் பணமோ சடங்கோதான் வர வேண்டும் என்பதில்லை, தேதியும் வரும். திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு, 1870-களின் எழுப்புதல் அலையில் எழுந்தவர். ஆறே ஆண்டில், 1881-ல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். நம்பியவர்கள் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். 1881 வந்தது, போனது. அதன்பிறகும் சபை நின்றது. நடந்ததற்கு வேறு விளக்கம் தரப்பட்டது. தேதி சொல்கிறவர்கள் அன்றும் இன்றும் ஒன்றைத்தான் விற்கிறார்கள்: எங்களோடு உள்ளே இருப்பவன் தப்பினான், வெளியே நிற்பவன் தொலைந்தான் என்ற பதற்றம். கிருபையை நம்புகிறவனுக்கு நாள்காட்டி பார்த்து நடுங்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

இனி கியூஆர் கட்டத்துக்கு வரலாம். ‘விதை’ என்ற சொல் தமிழ்க் கூட்டங்களில் இன்று புழங்கும் பொருள் நம் வயல்காட்டில் முளைத்ததில்லை. அமெரிக்க டிவி பிரசங்கி ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய சரக்கு அது. காணிக்கை ஒரு விதை, போட்டால் பல மடங்காய் அறுப்பாய் என்பது சாரம். 1987-ல் அவர் ஒரு படி மேலே போனார். மார்ச் மாதத்துக்குள் எண்பது லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை எடுத்துக்கொள்வார் என்றார். பணம் சேர்ந்தது, அவர் 2009 வரை வாழ்ந்தார். அவர் வழியில் வந்த பென்னி ஹின்னை 2005 ஜனவரியில் பெங்களூரு ஜக்கூர் விமான தளத்தில் பெருங்கூட்டம் கூடிக் கேட்டது. அதே ஹின் 2019 செப்டம்பரில், சுவிசேஷத்துக்கு விலை வைப்பது பரிசுத்த ஆவியானவருக்கே அவமதிப்பு, இனி குறிப்பிட்ட தொகை கேட்கமாட்டேன் என்று அறிவித்தார். அதை எந்த அளவு காப்பாற்றினார் என்பது தனி விவாதம். ஆனால் நாற்பது ஆண்டு மேடையேறிய ஒருவர் கடைசியில் பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டிய இடம் விலைதான்.

இது புதிய பிழையுமில்லை. சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் பரிசுத்த ஆவியின் வல்லமையை விலைக்குக் கேட்டான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பேதுரு அவனைத் துரத்தாத குறை. அன்று வாங்க வந்தவன் பணத்தோடு வந்தான், கொடுப்பவர் மறுத்தார். இன்று கொடுப்பவரே பட்டியல் போட்டுத் தருகிறார். 1517-ல் மார்ட்டின் லூதர் கொதித்ததும் இதே கல்லாப்பெட்டியைப் பார்த்துத்தான். ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றார்கள். அந்தச் சண்டையில் உடைந்த இரு தரப்பும், மீட்பு கிருபையால்தான் என்பதில் தங்களுக்குள் அடிப்படை வேறுபாடு இல்லை என்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31-ல். கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு கழித்து! ஆக, கிருபையை அளவுகோலாக எடுப்பது ஏதோ ஒரு சபையின் கட்சிக் கொள்கை இல்லை. கத்தோலிக்கரும் லூத்தரனும் அந்தக் கோலைக் கையில் எடுக்கலாம்.

‘ஏமாறுகிறவன் பணம், உனக்கென்ன’ என்று சிலர் கேட்கக்கூடும். பணத்தோடு நின்றால் பரவாயில்லை. கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023-ல் 400-க்கும் மேற்பட்ட சடலங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று சொல்லி அவர்களைச் சாகவிட்டதாகப் போதகர் பால் மெக்கன்சி மீது வழக்கு. இறந்தவர்களில் குழந்தைகள் பலர். உபவாசம் எல்லாச் சமயத்திலும் இருக்கிறது. நம் ஊரில் வெள்ளிக்கிழமை தோறும் நடக்கிறது. அது நன்றியாக இருக்கும்வரை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. கடவுளைச் சம்மதிக்கவைக்கும் கட்டணமாக மாறிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பட்டினிக்கு அவர் இறங்கிவரவில்லையென்றால் மூன்று நாள், மூன்றுக்கும் இல்லையென்றால் இருபத்தொன்று. கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொல்லும் ஜெபக்கூட்டங்களும் இதே ஏணியின் ஒரு படிதான். மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்ற விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. எந்தச் சுவரொட்டி அதைப் பார்த்துப் பயந்தது?

வெளியிலிருந்து கேள்வி கேட்க இந்தப் பகுதியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1971 ஜனவரியில் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது சேலத்தில்தான். திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டதே ஜலகண்டாபுரத்தைத்தான். ஆனால் பகுத்தறிவாளர் கேட்டால் விசுவாசி காதைப் பொத்திக்கொள்வார். ‘அவர்களுக்கு எல்லாமே பொய்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். கிருபை உள்ளிருந்து கேட்கும் கேள்வி. அதைத் தள்ளிவிட வேண்டுமானால் தன் சொந்த வேதத்தையே தள்ள வேண்டும். அதனால்தான் பகுத்தறிவுப் பிரசாரத்தைவிடக் கள்ளப் போதகர் பயப்பட வேண்டியது, வேதத்தை ஒழுங்காக வாசிக்கும் ஒரு பாட்டியம்மாளுக்கு.

ஒரு சிக்கல் இருக்கிறது. கிருபை என்ற சொல்லையே கள்ளநோட்டு அடிக்கலாம். எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று, இனி பாவ அறிக்கை எதற்கு, மனந்திரும்பச் சொல்வதே பழைய சட்டம் என்கிற அளவுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ‘ஹைப்பர் கிரேஸ்’ என்று தமிழ்ச் சபைகளிலும் பேசப்படும் சர்ச்சை இது. சிங்கப்பூர் நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ் பெயர் இதில் அடிக்கடி அடிபடும். அவர் தரப்போ, தாங்கள் பாவத்துக்கு அனுமதிச் சீட்டு தரவில்லை என்று மறுக்கும். யார் சரி என்று தீர்ப்பெழுதுவதைவிட, இந்தக் கேள்வி தமிழனுக்குப் புதிதில்லை என்பதைச் சொல்வது பயனுள்ளது. வைணவத்தில் தென்கலையும் வடகலையும் இதற்காகவே நூற்றாண்டுக்கணக்கில் வாதாடின. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்றது பிள்ளை லோகாசாரியார் வழி. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளவாவது வேண்டும் என்றது வேதாந்த தேசிகர் வழி. இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். குட்டி தாய்க்குக் கூலி கொடுப்பதாக இரு கலையாரும் சொல்லவில்லை. தாய் கவ்விக்கொண்டு போகும் குட்டி, சாக்கடைக்கே திரும்பிப் போக அடம்பிடிப்பதாகவும் சொல்லவில்லை.

ஹிட்லரை எதிர்த்துத் தூக்கிலேறிய ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1937-ல் ‘மலிவான கிருபை’ என்று எழுதி எச்சரித்ததும் இந்த ஆபத்தைத்தான். இலவசமும் மலிவும் ஒன்றா என்றால், இல்லை. தாய்ப்பால் இலவசம், அதை மலிவுச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. சும்மா கிடைத்ததைப் பெற்றவன் நன்றியில் மாறுவான், மாறவே இல்லையென்றால் அவன் பெற்றது வேறு ஏதோ. சோதனை இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

விலையில்லாதது எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து தென்கிழக்கே கொல்லிமலைக்குப் போகலாம். லண்டனிலிருந்து ஸ்ட்ரிக்ட் பேப்டிஸ்ட் மிஷன் சார்பில் வந்த ஜெசி பிராண்டும் மனைவி எவிலினும் 1913-ல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்துக் கொல்லிமலை ஏறினார்கள். மலைக் காய்ச்சல் மலிந்த இடம். ஜெசி பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தி எடுத்தார், தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். ஆண்டுகள் பல ஆகியும் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஊரைத் தடுத்தே வைத்திருந்தார். மருந்து நிற்கவில்லை. 1918-ல் உலகையே வாரிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தபோது, சொந்தபந்தமே கிட்டே வர அஞ்சிய வீடுகளுக்குக் கஞ்சிப் பானையோடு போனவர்கள் இந்தத் தம்பதி. சாகக்கிடந்த அதே பூசாரி தன் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சபை அங்கே அதற்குப் பிறகுதான் வேர்விட்டது. ஜெசி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் எவிலின் மலைக்கே திரும்பிவந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ச் சுற்றி, 1974-ல் 95 வயதில் காலமானார். அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்.

பெயரிலேயே ‘கண்டிப்பு’ இருந்த சபை அது. முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருவிருந்து தருவதில்லை என்ற அளவுக்குக் கறார். பிற்காலத்தில் மிஷன் தன் பெயரை ‘கிரேஸ் பேப்டிஸ்ட் மிஷன்’ என்று மாற்றிக்கொண்டது. கொல்லிமலையில் பிராண்ட் தம்பதியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்போதோ தெரிந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். யூடியூபில் இப்போது கள்ளப் போதகரை அம்பலப்படுத்துவதே ஒரு தொழிலாகிவிட்டது. சிவப்பு வட்டம், அம்புக்குறி, ‘இவரை நம்பாதீர்கள்’ என்ற தலைப்பு. பேசுகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது உண்மை. சொல்கிற தொனியில் கிருபை ஒரு துளி கிடையாது. எங்கள் பட்டியலில் உள்ள பத்துக் கோட்பாட்டையும் ஏற்றால்தான் நீ விசுவாசி என்று அவர்களும் ஒரு ‘உம்’ போடுகிறார்கள். 1553-ல் ஜெனீவாவில் செர்வேட்டஸ் என்ற மருத்துவரைக் கள்ளப் போதகர் என்று உயிரோடு எரித்தார்கள். எரித்தது கிருபையைக் கொண்டாடிய சீர்திருத்த நகரம். ஏமாந்து பணம் கட்டிய தறிக்காரரை முட்டாள் என்று கேலி செய்யும் காணொளியைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிவரமாட்டார். இன்னும் இறுக்கமாக அந்த மேடையையே பிடித்துக்கொள்வார். அவர் அங்கே போனது பேராசையால் இல்லை. முன்பணம் தீரவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை, தன் சபையில் அதைக் கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அடுத்த ஆலயத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார். கமிட்டித் தேர்தல் சண்டையில் மூப்பர்கள் மும்முரம். சுவரொட்டியில் இருக்கும் எண்ணோ இரவு பதினோரு மணிக்கும் எடுக்கிறது.

ஆகவே பழைய சபைகளுக்கு ஒரு கோரிக்கை. கள்ளப் போதனை எச்சரிக்கைக் கூட்டம் போடுவதற்கு முன்பு, ஆலய வாசலில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: இங்கே ஜெபத்துக்குக் கட்டணம் இல்லை, காணிக்கைக் கணக்கு யாரும் பார்க்கலாம், இரவில் கூப்பிட வேண்டிய எண் இது. நான்காவதாக, யாரும் எங்கும் உட்காரலாம் என்பதையும் சேர்த்தால் வடக்கன்குளத்துக் கடனில் கொஞ்சம் அடையும்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வருகிற வெள்ளிக்கிழமை கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போகும் முன்பு அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். ‘கையில் காசில்லை, காணிக்கை போட முடியாது, வரலாமா’ என்று கேளுங்கள். ‘வாங்க’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் போய்வாருங்கள். ‘வாங்க, ஆனா...’ என்று இழுத்தால் வீட்டிலேயே முழங்கால்படியிடுங்கள். பேருந்துக் காசும் மிச்சம்.